ஜப்பானிய இசைக்குழு ஹிகெடானின் பாடல்கள்: கேட்டவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

தொடக்கப் பதிவு

2019 கோடையில் வேலை நிமித்தமாக நான் ஒசாகாவில் நான்கு மாதம் தங்கியிருந்தேன். தங்கிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரவும் பகலும் திறந்திருக்கும் கடை ஒன்று இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஒனிகிரி என்னும் சோற்று உருண்டை வாங்க இறங்கும்போதெல்லாம் ஒரே பாட்டு அங்கே ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரு கிட்டார் வரி, ராட்டையில் நூல் சுற்றுவதுபோல் திரும்பத் திரும்ப வரும்; அதன்மேல் ஓர் ஆண்குரல் தணிந்து தொடங்கி, பல்லவிக்கு வந்ததும் ஒரே எட்டில் உச்சிக்குப் போய் விடைபெறும். அப்போது எனக்கு ஜப்பானிய மொழியில் விலை கேட்கவும் நன்றி சொல்லவும் மட்டுமே தெரியும். என்றாலும், பாடுகிறவன் தனக்குக் கிடைக்காத ஒருத்தியிடமிருந்து விலகிப் போகிறான் என்பது மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. பிற்பாடு சொற்களின் பொருள் தெரிந்துகொண்டபோது, நான் உணர்ந்தது சரியாகவே இருந்தது.

அந்தப் பாடல் ‘பிரிடெண்டர்’. 2019 மே மாதம் ஒரு திரைப்படத்துக்காக வெளியானது. பாடியது அஃபிஷியல் ஹிகெடான்டிசம் என்னும் நால்வர் குழு. ரசிகர்கள் சுருக்கமாக ஹிகெடான் என்பார்கள். ‘ஹிகெ’ என்றால் மீசை. மீசை பொருந்துகிற வயது வந்த பிறகும் இதே நால்வராக மனம் துள்ளும் இசையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். 2012 ஜூன் 7 அன்று, ஜப்பான் கடலை ஒட்டிய ஷிமானே மாகாணத்தின் மாட்சுயே நகரில் குழு உருவானது. பியானோ வாசித்துப் பாடுபவர் ஃபுஜிஹாரா சதோஷி. கிட்டார் ஒசாசா தைசுகே, பேஸ் கிட்டார் நராசாகி மகோதோ, டிரம்ஸ் மாட்சுரா மசாகி. ஃபுஜிஹாரா படிப்பு முடிந்து சில காலம் வங்கியில் வேலை பார்த்தவர். 2016-இல்தான் குழு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தது.

பியானோ பாப் குழு என்று அறியப்படுபவர்களின் மிகப் பெயர்பெற்ற பாட்டு கிட்டாரில் தொடங்குவது எனக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, 2015-இல் வந்த முதல் சிற்றிசைத்தொகுப்பிலிருந்து வெளியீடுகளை ஆண்டு வரிசைப்படி கேட்கத் தொடங்கினேன். தொடக்க காலத்தில் பியானோ முன்னே வந்து நிற்கிறது. தாளத்தை அதுவே தட்டுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பின்னால் நகர்ந்து, மற்றக் கருவிகள் நிற்பதற்கான தரையாகிவிடுகிறது. கேட்கிறவர் காதுக்குப் பியானோ தெரியாத இடத்திலும் பாட்டைக் கட்டியவர் பியானோ முன் உட்கார்ந்துதான் கட்டியிருக்கிறார் என்பதை மெட்டின் போக்கே காட்டிக்கொடுக்கும். இந்தக் குழுவை நான் இவ்வளவு நேசிக்கக் காரணம் அதுதான்.

2018 ஏப்ரலில் வந்த முதல் முழுத் தொகுப்பான ‘எஸ்கபரேட்’டில் ஒரு பாடல் இருக்கிறது. தலைப்பு, ‘பதினொன்றரை லட்சம் கிலோமீட்டர் ஃபிலிம்’ என்று பொருள்படும். காதலியோடு வாழப்போகும் வாழ்க்கையைச் சினிமாச் சுருளாக எண்ணிப் பாடுவது அது. அந்த எண்ணை எங்கிருந்து பிடித்தார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினால் ஒன்றரை அடி, அதாவது ஏறத்தாழ 45.7 சென்டிமீட்டர். எண்பது ஆண்டுகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் 11 லட்சத்து 54 ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. காதல் பாட்டுக்குள் கணக்கு இவ்வளவு துல்லியமாக ஒளிந்திருந்ததைக் கண்டு அன்று முழுவதும் அந்தக் காகிதத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வாய்க்கு வந்த பெரிய எண்ணைச் சொல்லியிருந்தாலும் பாட்டு இனித்திருக்கும். ஆனால், உன்னோடு எண்பது ஆண்டுகள் என்று சொல்ல வந்தவர் அந்த எண்பதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த வெளியீடுகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. 2019 அக்டோபரில் வந்த ‘டிராவலர்’ தொகுப்பை மட்டும் பாடல்களைத் தாண்டிக் குதிக்காமல் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கு இந்தக் குழு எங்கே, எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் கணவர், மகளுடன் ஜப்பானில், டோக்கியோவை அடுத்த சிபாவில் வசிக்கிறேன். எனக்கு ஹிகெடான் கிடைத்தது மகளின் பள்ளி வழியாக.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஆண்டுதோறும் நடத்தும் பள்ளிச் சேர்ந்திசைப் போட்டிக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாடலை எல்லாரும் பாட வேண்டியதாக வைப்பார்கள். 2023-இல் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்கு இந்தக் குழுவின் ‘செஸ்போர்ட்’ வந்தது. மகிழ்ச்சியும் துயரமும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் விரிந்து கிடக்க, அதன் நடுவில் ஒருவர் நிற்கிறார் என்பது பாட்டின் கரு. என் மகளுக்கு இரண்டாம் குரல். முதன்மை மெட்டு மற்றப் பிள்ளைகளுக்குப் போய்விட, இவளுக்குக் கிடைத்தது கீழ்க்குரலில் தனியாகக் கேட்டால் பாட்டாகவே தோன்றாத ஒரு வரி. ஏப்ரலிலிருந்து வீட்டில் அந்த வரி மட்டும்தான். குளியலறையில் பாடுவாள், பாத்திரம் துடைக்கும்போது பாடுவாள். ஓரிடத்தில் அரைச் சுரம் வழுக்கி நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவாள். மூன்று மாதம் அதைக் கேட்ட பிறகும் அது என்ன பாட்டு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளி அரங்கில் எல்லாரும் சேர்ந்து பாடியபோதுதான், அவளுடைய வரி மேலே இருந்த மெட்டை எப்படித் தாங்கிக்கொண்டிருந்தது என்று கேட்டேன். அந்த அரைச் சுரம் வந்த இடத்தில் பாட்டு முழுவதும் ஒருகணம் இருண்டு மறுபடி வெளுத்தது. அவள் வழுக்கவில்லை. செப்டம்பரில் குழுவே பாடிய பதிவு வெளியானபோது மூவரும் சேர்ந்து கேட்டோம். இப்போதும் என் காது முதலில் கீழ்க்குரலைத்தான் தேடுகிறது. பியானோ தரையாக நிற்கிறது என்று தொடக்கப் பதிவில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மறுமொழி 2

பியானோ கற்றுக்கொள்பவன் என்ற முறையில் ஒரு சிறு செய்தி. ‘டோக்கியோ ரெவெஞ்சர்ஸ்’ என்னும் அனிமேயின் (ஜப்பானிய அசைபடத் தொடரின்) தொடக்கப் பாடலாக 2021-இல் வந்த ‘கிரை பேபி’யை வாசிக்க முயன்று ஒரு மாதம் திணறினேன். வழக்கமாகச் சினிமாப் பாட்டில் சுருதி மாறுவதென்றால் கடைசிப் பல்லவியில் ஒருமுறை உயரும். கேட்பவருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்தப் பாட்டிலோ பல்லவிக்குள்ளேயே சுருதி இடம் மாறுகிறது. ஆசிரியரிடம் புலம்பியபோது அவர், “பாடுகிறவன் அடிபட்டு விழுந்து எழுகிறான், ஒவ்வொரு முறை எழும்போதும் தரை வேறு இடத்தில் இருக்கிறது, அப்படி நினைத்துக்கொண்டு வாசி” என்றார். விரல் அதன் பிறகுதான் படிந்தது.

‘ஸ்பை ஃபேமிலி’ அனிமேக்காக 2022-இல் வந்த ‘மிக்ஸ்ட் நட்ஸ்’ பாடலையும் விட்டுவிடக் கூடாது. வேர்க்கடலை கொட்டை இனமே அல்ல, மண்ணுக்குள் காய்க்கிற பயறு இனம். ஆனாலும் மரக்கொட்டைகளோடு ஒரே பொட்டலத்தில் தானும் ஒன்றுபோல் இருந்துவிடுகிறது. பொய்யாகச் சேர்ந்த குடும்பத்தின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. ஜாஸ் நடையில் பேஸ் ஓடும் வேகத்தில் இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர்.

மறுமொழி 3

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. 2021 ஆகஸ்டில் வந்த ‘எடிட்டோரியல்’ தொகுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதன் முதல் பாடலில் கருவிகள் இல்லை. ஒரே குரல் பல குரல்களாக மடிந்து வருகிறது. அது ஓய்ந்ததும் ‘அபோப்டோசிஸ்’ தொடங்குகிறது. உயிரணு தனக்குள் எழுதப்பட்டபடி தானே இறந்துபோவதற்கு உயிரியலில் உள்ள பெயர் அது. ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளும் இப்பாட்டில் ஒருவர் தன் துணையிடம், பிரியும் நேரம் வந்தால் வருந்தாதே என்று சொல்கிறார். முப்பதை நெருங்கும் ஒருவர் எழுதியது என்பதை நம்பவே கடினமாக இருந்தது.

அதில் ஒரு காட்சி வரும். தூக்கம் வராத இரவில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட, கழுவு தொட்டியில் கண்ணாடி டம்ளர் சாய்ந்து கிடக்கிறது. அவ்வளவுதான் காட்சி. என் மனைவிக்கு ஒரு பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்த வாரத்தில், நள்ளிரவில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சொற்களின் மொழிபெயர்ப்பைப் படித்தபடி இதைக் கேட்டேன். இவ்வளவு இருளைப் பற்றிப் பேசும் பாட்டு எங்கும் அழுது நிற்பதில்லை; தாளம் விடாமல் முன்னே நடந்துகொண்டே இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியில் கிடந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து படுத்தேன். முடிவு நல்லபடியாகவே வந்தது.

தொடக்கப் பதிவர்

மறுமொழி 3 எழுதிய ஐயாவுக்கு என் வணக்கம். நீங்கள் சொன்ன பிறகு நேற்றிரவு ‘எடிட்டோரியல்’ முழுவதையும் மீண்டும் கேட்டேன். அந்த டம்ளரை இத்தனை நாள் நான் கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

சிபா சகோதரி சொன்ன 2023 இவர்களுக்கு எளிய ஆண்டு அன்று. ஃபுஜிஹாராவின் குரல்நாணில் பாலிப் என்னும் சிறு சதைவளர்ச்சி வந்து மேடை நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் ‘சைலண்ட்’ தொலைக்காட்சித் தொடருக்காகப் பாடிய ‘சப்டைட்டில்’, சொல் என்பது பனிப்படிகம் போன்றது, கொடுக்க நினைப்பதற்குள் உருகிவிடுகிறது என்று பேசுகிற பாட்டு. சொல்லின் நிலையாமையைப் பாடிய குரலே அடுத்த ஆண்டு மேடையிலிருந்து விலகியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் அந்தப் பாட்டின் உச்ச இடங்களைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அதனால்தான் 2024 ஜூலையில் வந்த ‘ரிஜாய்ஸ்’ தொகுப்பில், வாழ்வுக்குத் திரும்பு என்று பொருள்படும் தலைப்பு இரண்டாம் பாடலிலேயே வந்தபோது ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

சகோதரி, ஒரு வேண்டுகோள். உங்கள் மகளின் பள்ளியில் ‘செஸ்போர்ட்’டின் சேர்ந்திசைச் சுரத்தாள் கிடைத்திருக்கும் அல்லவா? அந்த இரண்டாம் குரல் எந்த இடத்தில் அரைச் சுரம் இறங்குகிறது என்று எழுதினால், பதிவைப் போட்டு அந்த இடத்தைத் தேடிக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.