மட்டக்களப்பு பக்கம் புகை வராத நல்ல கரி எங்க எடுக்கலாம்? தணல் சட்டிக்கு

கல்லடித்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அக்காக்கு மார்கழியில பிள்ளை கிடைக்க இரிக்கு, அம்மா இப்பவே தணல் சட்டிக்குக் கரி பார்றா எண்டு நிக்கிறா, மாரி மழைக்குள்ள அறை ஈரமாத்தான் கிடக்கும், தாயும் பிள்ளையும் குளிர்ந்து போயிடுவாங்க எண்டு. டவுன்ல ஒரு கடையில ஒரு பேக் வாங்கினன், பத்தவெச்சா கண்ணெல்லாம் எரியிற புகை, பொரிஞ்சி பொரிஞ்சி நெருப்பு வெளிய பாயுது. உடைச்சிப் பாத்தா நடுவில மண்ணிறமா இரிக்கு. நல்ல கரி எவடத்த எடுக்கலாம்? இங்கிலாந்தில மாமா ஆக்கள் முந்தி நிலக்கரி எரிச்சவங்களாம், அது இஞ்ச கிடைக்குமா?

தாழங்குடா வாசி:
தம்பி நடுவில மண்ணிறம் எண்டா அது சரியா வேகாத விறகுக்கரி, அதான் புகையிது. பொரியிறது ஈரத்தால, கரி மழைக்காலத்தில காத்தில இரிக்கிற ஈரத்தையும் இழுக்கும். சிரட்டைக்கரி எடுங்க. ரெண்டு துண்ட ஒண்டோட ஒண்டு தட்டினா கிண் எண்டு ஓடு மாதிரிக் கேக்கணும், உடைச்ச இடம் கறுப்பா மினுங்கணும், கையில மாவா ஒட்டினா அது கூட எரிஞ்சது, தணல் நிக்காது. கடையில கேக்கிறத விட கொல்லன் பட்டறையிலயும் கரி அயன்பொக்ஸ் பாவிக்கிற லோண்டரியிலயும் எங்க எடுக்கிற எண்டு கேளுங்க, அவங்க கூடாத கரி வாங்க மாட்டாங்க. செங்கலடி, களுவாஞ்சிகுடி பக்கம் தென்னந்தோட்டக்காரர், எண்ணெய் மில்காரரிட்டயும் விசாரிக்கலாம். விலை கூடவாத்தான் இரிக்கும், 3, 4 கிலோ சிரட்டை சுட்டாத்தான் 1 கிலோ கரி வரும்.

அக்கரைப்பற்றான்:
நிலக்கரிய விடுங்க மச்சான். இலங்கையில சுரங்கமே இல்ல, கப்பல்ல வாறது நுரைச்சோலை கரண்ட் ஸ்டேசனுக்கு. அது புகைபோக்கி வெச்ச அடுப்பில எரிக்கிற சாமான், கந்தகப் புகை வரும். இங்கிலாந்திலயே வீட்டுக்கு எரிக்கிற சாதா நிலக்கரி விக்கிறத 2023 மே மாசத்தோட நிப்பாட்டிட்டாங்க.

வாட்டில வேலை செய்யிற அக்கா:
தம்பி, கரி எடுக்க முதல் இத வாசிங்க. புகை வராத நல்ல கரி எண்டாலும் பூட்டின அறைக்குள்ள வெச்சா ஆபத்துத்தான், புகை வந்தாலாவது ஆக்கள் எழும்பி வெளிய ஓடுவாங்க. நல்ல தணல்ல இருந்தும் காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு வரும், அதுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல, ரத்தத்தில ஒட்சிசன் நிக்கவேண்டிய இடத்தில போய் ஒட்டிக்கிட்டு விடாது. மழைக்கு எண்டு ஜன்னல அடைச்சி கட்டிலுக்குக் கீழ சட்டிய வெச்சிட்டுப் படுத்தா முதல்ல தலையிடி, மறுகா சத்தி, நித்திரை மயக்கம், ஆருக்கும் விளங்காது. பச்சைப் பிள்ளை சொல்லவும் மாட்டாது. ஆராவது அப்பிடிக் கிடந்தா உடன வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு 1990 அம்புலன்சுக்கு அடிங்க.

கல்லடித்தம்பி:
அக்கா இது எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா அம்மா கேக்க மாட்டா, எங்களையெல்லாம் தணல்லதான் வளத்த எண்டுவா. என்ன சொல்ற?

வாட்டில வேலை செய்யிற அக்கா:
அப்ப ஓலை வீடு தம்பி, கூரையாலயும் தட்டியாலயும் காத்துப் போய் வரும். இப்ப சீமெந்துச் சுவரும் கண்ணாடி ஜன்னலும். அம்மாட்ட சண்டை பிடிக்காம மிட்வைப் வீட்டுக்கு வரக்குள்ள அவவச் சொல்லச் சொல்லுங்க, அவ சொன்னா கேப்பா. பிள்ளைக்குச் சூடு வேணுமெண்டா தாயிர நெஞ்சில தோலோட தோல் பட வெச்சி மேலால போர்த்துங்க, தலைக்குத் தொப்பி போடுங்க, நனைஞ்ச துணிய உடன மாத்துங்க, பிறந்து ஒரு நாளாவது போகாம குளிக்க வாக்க வேணாம். துணி காயவைக்க, தண்ணி சுட வைக்க கரி வேணும்தான், அத வெளிக் குசினியில வெச்சிச் செய்யலாம்.

கல்லடித்தம்பி:
சரிக்கா, மிட்வைப் அம்மாட்ட இண்டைக்கே கதைக்கன். வாங்கின கரிய என்ன செய்யிற?

தாழங்குடா வாசி:
வெயில் கிடைக்கக்குள்ள தறப்பாள்ல பரத்திக் காயவெச்சி மூடின பரல்ல போடுங்க. மண்ணிறத் துண்டுகளப் பிறம்பா எடுத்து விறகோட வெளி அடுப்பில எரியுங்க.