நியூக்ளியோடைடு ‘சால்வேஜ்’: மறுசுழற்சியா, மீட்பா, மீட்டாக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நியூக்ளியோடைடு பாடத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் தேடும் நம் மடல் விவாதத்தில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘சால்வேஜ் பாத்வே’க்கு, அதாவது உடைந்த நியூக்ளியோடைடின் பாகத்தை எடுத்து மறுபடி நியூக்ளியோடைடாக்கும் வழிக்கு, ‘மறுசுழற்சி வழி’ என்று போட்டுவிடலாம், எல்லோருக்கும் சட்டென்று புரியும் என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. இந்தப் பாடத்தை ‘மறுசுழற்சி’ என்ற சொல்லை வைத்தே நான் சில முறை நடத்தியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மாணவர் யூரிக் அமிலம் மறுபடியும் நியூக்ளியோடைடாக மாறுகிறது என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கழிவு திரும்பப் பயனுக்கு வருவதைத்தானே மறுசுழற்சி என்கிறோம், யூரிக் அமிலமும் கழிவுதானே என்று நேராக யோசித்திருக்கிறார். சொல் காட்டிய வழியில் போயிருக்கிறார்.

நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்ந்தெடுக்க அதுதான் ஆதாரம். நியூக்ளியோடைடு என்பது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் கட்டும் அலகு. அதில் மூன்று உறுப்புகள்: நைட்ரஜன் காரம், சர்க்கரை, பாஸ்பேட். செல்லுக்குள் ஆர்.என்.ஏ. ஓயாமல் உருவாகி ஓயாமல் உடைகிறது. உடையும்போது முதலில் நியூக்ளியோடைடு, அதில் பாஸ்பேட் போனால் நியூக்ளியோசைடு, அதில் சர்க்கரையும் கழன்றால் வெறும் காரம். இந்த வெறும் காரம்தான் முச்சந்தியில் நிற்கிறது. பியூரின் எனப்படும் இரட்டை வளையக் காரங்களான அடினைன், குவானைன், ஹைப்போசாந்தின் ஆகிய மூன்றில் எதுவானாலும் சரி, ஒரு நொதி வந்து அதை அப்படியே, வளையத்தில் ஒரு அணுவைக்கூடத் தொடாமல், பிஆர்பிபி என்ற சர்க்கரைப் பாஸ்பேட்டின் மேல் பொருத்திவிட்டால் ஒரே படியில் அது மறுபடி நியூக்ளியோடைடு ஆகிவிடுகிறது. யாரும் பிடிக்காவிட்டால் ஹைப்போசாந்தின் சாந்தின் ஆகும், சாந்தின் யூரிக் அமிலம் ஆகும், அத்தோடு சரி, மனித உடலில் அங்கிருந்து திரும்பி வர வழியே கிடையாது.

இப்போது ‘மறுசுழற்சி’யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளை மறுசுழற்சி செய்தால் கூழாக்குகிறோம், கண்ணாடியை உருக்குகிறோம், அதாவது பொருளின் உருவத்தை அழித்து மூலப்பொருளாக்கி மறுபடி வார்க்கிறோம். இங்கே காரம் உருகவும் இல்லை, கூழாகவும் இல்லை. பழைய வீட்டை இடிக்கும்போது உத்தரம், நிலை, கதவு எல்லாம் தேறுமா என்று பார்த்துக் கழற்றி எடுத்து, புது வீட்டில் அப்படியே பொருத்துகிறோமே, அதுதான் இது. கட்டுவதற்குக் கடினமான பகுதி அந்த இரட்டை வளையம், அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் இந்த வழியின் உயிரே.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. உயிர்வேதியியலில் ‘சுழற்சி’ ஏற்கனவே வேறு வேலையில் இருக்கிற சொல். கிரப்ஸ் சுழற்சி, யூரியா சுழற்சி என்று சொன்னால், தொடங்கிய பொருளுக்கே திரும்பி வரும் வினைத்தொடர் என்று பொருள். அதோடு, பியூரின் நியூக்ளியோடைடு சுழற்சி என்றே ஒன்று நிஜமாக இருக்கிறது! தசையில் ஏஎம்பி என்ற நியூக்ளியோடைடு ஐஎம்பி என்ற இன்னொரு நியூக்ளியோடைடு ஆகி, ஐஎம்பி அடினைலோசக்சினேட் ஆகி, அது மறுபடி ஏஎம்பி ஆகிற வட்டம் அது. ‘பியூரின் மறுசுழற்சி’, ‘பியூரின் நியூக்ளியோடைடு சுழற்சி’ இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? இந்த ஒரு காரணத்துக்காகவே மறுசுழற்சியை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் மனதுக்கு மிக நெருக்கமாக வந்த சொல், உண்மையைச் சொன்னால், ‘தேறு’ என்ற வினை. ‘இது தேறுமா’, ‘தேறினவரைக்கும் எடு’ என்று பேச்சில் நாம் சொல்கிற பொருள் சால்வேஜுக்கு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் பெயர்ச்சொல் ஆக்கப் போனால் ‘தேற்றம்’ கணிதத்துக்குப் போய்விட்டது, ‘தேற்றல்’ என்றால் ஆறுதல் சொல்வது, ‘தேர்ச்சி’ தேர்வோடு ஒட்டிவிட்டது. பாடம் விளக்கும்போது வாய்மொழியாகத் தாராளமாகச் சொல்லலாம், தலைப்பில் வைக்க முடியாது.

அப்புறம் ‘மீட்பு’. முந்தைய மடல் ஒன்றில் இது வந்தது, எனக்கும் உடன்பாடுதான், பாதி. மீள்வது தானாக நடப்பது, மீட்பது இன்னொருவர் செய்வது. இங்கே நொதி மீட்கிறது, காரம் தானாக மீளவில்லை. அதனால் ‘மீள்வழி’, ‘மீளாக்கம்’ இரண்டையும்விட ‘மீட்பு’ சரி. ஆனால் மருத்துவப் பாடத்தில் ‘மீட்பு’ தனியாக நின்றால் நோயிலிருந்து குணமாவதோ ஆபத்திலிருந்து ஆளைக் காப்பாற்றுவதோதான் முதலில் நினைவுக்கு வரும். தவிர, மீட்டெடுத்துச் சும்மா வைத்துக்கொள்வதில்லை, நியூக்ளியோடைடாக ஆக்கியும் விடுகிறது. அந்த இரண்டாம் பாதி சொல்லில் இல்லை.

ஆகவே என் பரிந்துரை: மீட்டாக்கம். மீட்டு ஆக்குதல். வினையெச்சத்தோடு பெயரைச் சேர்ப்பது இலக்கணப்படி சரியா என்று கேட்பீர்கள் என்று தெரியும். ஆக்கம் என்பது ஆக்கு என்ற வினையிலிருந்து வந்த தொழிற்பெயர், ‘மீட்டு ஆக்குதல்’ இடறாமல் வருவதுபோல ‘மீட்டாக்கம்’ என்பதும் வரும் என்றே கருதுகிறேன். வீணை மீட்டுவது நினைவுக்கு வருமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வரட்டும், நியூக்ளியோடைடு பாடத்தில் வீணைக்கு இடமில்லை என்பதால் குழப்பம் வராது. குழப்பம் என்பது ஒரே பாடத்துக்குள் இரண்டு பொருள் மோதும்போதுதான், ‘சுழற்சி’யில் நடப்பது அதுதான்.

இனி அதன் இணை. ‘டீ நோவோ சிந்தசிஸ்’, அதாவது பழைய காரத்தை எடுக்காமல் சிறு மூலக்கூறுகளிலிருந்து நியூக்ளியோடைடை முழுதாகக் கட்டுவது, என்பதற்குப் ‘புத்தாக்கம்’, ‘புதுத்தொகுப்பு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. புத்தாக்கம் என்றால் இப்போது எல்லோருக்கும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் செய்வது. இங்கே உண்டாகும் பொருள் புதியதல்ல, அதே ஏஎம்பி, அதே ஜிஎம்பி (குவானைன் உள்ள நியூக்ளியோடைடு). செய்கிற முறைதான் அடியிலிருந்து. நான் ‘முதலாக்கம்’ என்கிறேன், முதலிலிருந்து ஆக்குதல். தொழிலில் போடுகிற ‘முதல்’ என்ற பொருளும் அதில் ஒலிக்கிறது, அதுவும் பொருத்தமே, ஏனென்றால் இந்த வழி செலவு மிகுந்தது. பிஆர்பிபியிலிருந்து ஐஎம்பி வரை 10 படிகள், நடுவில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் பல செலவு. மீட்டாக்கத்தில் அதே தூரம் ஒரு படி.

பியூரின் வளையத்தில் 9 அணுக்கள், 5 கார்பன், 4 நைட்ரஜன். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த கதை எனக்கு எப்போதும் வியப்பு தருவது. 1940களின் பிற்பகுதியில் உயிர்வேதியியலாளர் ஜான் புகேனனும் கூட்டாளிகளும் அடையாளமிட்ட ஐசோடோப்புச் சேர்மங்களைப் புறாக்களுக்குக் கொடுத்து, அவற்றின் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கிளைசினிலிருந்து, இரண்டு நைட்ரஜன் குளூட்டமினிலிருந்து, ஒன்று அஸ்பார்டேட்டிலிருந்து, இரண்டு கார்பன் ஃபோலேட் சுமந்து வரும் ஃபார்மில் தொகுதியிலிருந்து, கடைசிக் கார்பன் கார்பன் டைஆக்சைடிலிருந்து. ஒரு வளையத்துக்கு ஐந்து இடத்துச் சரக்கு. புறாவை ஏன் எடுத்தார்கள் என்பதும் நம் விவாதத்துக்குத் தொடர்புள்ளதே: பறவைகள் தங்கள் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றுகின்றன, அதற்காகவே பியூரினை முதலாக்கம் செய்து சிதைக்கின்றன. முதலாக்கமே கழிவகற்றலின் ஒரு பகுதியாக இருக்கும் உயிர்கள் அவை. ‘புத்தாக்கம்’ என்று அதைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு விலகிப் போகிறது என்று தெரியும்.

யுராசில், தைமின் போன்ற ஒற்றை வளையக் காரங்களான பிரிமிடின் வேறு மாதிரி. அங்கே வளையத்தைத் தனியாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் சர்க்கரைப் பாஸ்பேட்டில் ஏற்றுகிறது, பியூரினில் சர்க்கரைப் பாஸ்பேட்டின் மேலேயே வளையம் எழும்புகிறது. ஆனால் முதலாக்கம் என்ற பெயர் இரண்டுக்கும் தாங்கும், அதனால் இதில் சண்டை வேண்டாம்.

ஒரு கலைச்சொல் தாங்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதை வைத்து ஒரு கடினமான பத்தி எழுதிப் பார்ப்பது. லெஷ்-நைஹன் நோயை எடுத்துக்கொண்டேன். 1964-ல் மைக்கேல் லெஷ், வில்லியம் நைஹன் இருவரும் விவரித்த நோய், 1967-ல் அதன் நொதிக் குறைபாடு தெரியவந்தது. இப்படி எழுதினேன்:

“ஹைப்போசாந்தினையும் குவானைனையும் மீட்டாக்கும் நொதி இவர்களுக்குச் செயல்படுவதில்லை. மீட்டாக்கம் நின்றுபோவதால் அந்தக் காரங்கள் யூரிக் அமிலமாகச் சிதைகின்றன. அதோடு, மீட்டாக்கத்தில் செலவாகியிருக்க வேண்டிய பிஆர்பிபி தேங்குகிறது, முதலாக்கத்துக்குத் தடை போட வேண்டிய ஐஎம்பியும் ஜிஎம்பியும் குறைகின்றன. எனவே முதலாக்கம் கட்டற்று நடந்து, அதன் மிகுதியும் யூரிக் அமிலமாகவே முடிகிறது.”

இதே பத்தியை ‘மறுசுழற்சி’, ‘புத்தாக்கம்’ என்று மாற்றிப் போட்டும் படித்துப் பார்த்தேன். இரண்டு வழிகளும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பது அதில் தெரியவே இல்லை. முதலாக்கம், மீட்டாக்கம் என்னும்போது இரண்டும் ஒரே ‘ஆக்க’த்தில் முடிவதால் ஒரே பொருளைச் செய்கிற இரு வழிகள் என்பது காதிலேயே விழுகிறது. இந்த நோயுள்ள குழந்தைகள் தங்கள் உதட்டையும் விரல்களையும் தாங்களே கடித்துக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். யூரிக் அமிலத்தை மருந்தால் குறைத்தாலும் அது நிற்பதில்லை. இந்த நோயைப் பற்றி வாசிக்கும் பெற்றோருக்கும் தமிழில் தெளிவான சொற்கள் இருக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வினையாகவும் பயன்படுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். மேலே ‘மீட்டாக்கும் நொதி’ வந்துவிட்டது. இன்னொன்று: ஜெர்ட்ரூட் எலியானும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோபியூரின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து வேலை செய்வதே அதே நொதி அதைக் காரம் என்று நம்பி மீட்டாக்குவதால்தான். (1988-ல் ஜேம்ஸ் பிளாக்கோடு சேர்ந்து இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.) மீட்டாக்க நொதி இல்லாத செல்லுக்கு இந்த மருந்து உறைப்பதில்லை. ‘மறுசுழற்சி செய்யும் நொதி’ என்று எழுதினால் மருந்து ஏதோ கழிவுத்தொட்டிக்குள் போவதுபோல ஆகிவிடுகிறது.

மூன்றாவது, உடைக்கும் வழி. இதில் ‘சிதைவு’ வேண்டாம், ‘சிதைப்பு’ வேண்டும். கதிரியக்கச் சிதைவு என்பது தானாக நடப்பது, இங்கே நொதிகள் படிப்படியாகச் செய்கின்றன. ‘சிதைமாற்றம்’ என்றே விடலாம் என்றவருக்கு: அது குளுக்கோஸ், கொழுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர், அங்கே சிதைத்தால் ஏடிபி கிடைக்கும். பியூரினைச் சிதைத்தால் உடலுக்கு ஆற்றல் எதுவும் தேறாது. எனக்கு இதிலும் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. மனித உடல் பியூரினின் இரட்டை வளையத்தை உடைப்பதே இல்லை, யூரிக் அமிலத்திலும் அது முழுதாக இருக்கிறது. அதை உடைக்கும் யூரிகேஸ் நொதி நம்மிடம் இல்லை, பல பாலூட்டிகளிடம் இருக்கிறது, அவை அல்லன்டாயின் என்ற பொருள் வரை கொண்டுபோகின்றன. பிரிமிடின் வளையத்தை நாமும் பிளக்கிறோம், யுராசிலிலிருந்து பீட்டா-அலனின் வருகிறது, அது நீரில் நன்றாகக் கரைவதால், யூரிக் அமிலம் கரையாமல் மூட்டுகளில் படிந்து வரும் கீல்வாதம் (கவுட்) மாதிரி தொல்லை பிரிமிடினால் வருவதில்லை. ஆகவே பியூரினுக்கு ‘கழிப்பு’, பிரிமிடினுக்கு ‘சிதைப்பு’ என்று பிரிக்கலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆர்.என்.ஏ.விலிருந்து காரம் வரை நடப்பது உண்மையான சிதைப்புதானே, ஒரே சொல் போதும்.

பொருள்களின் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டும் என்ற கருத்தோடு மட்டும் நான் உடன்படவில்லை. குவானைனுக்குப் பெயர் வந்தது, கடற்பறவை எச்சமான குவானோவில் முதலில் கிடைத்ததால். சாந்தின் என்றால் கிரேக்கத்தில் மஞ்சளோடு தொடர்புள்ள சொல். தைமின் தைமஸ் சுரப்பியிலிருந்து. இவையெல்லாம் கிடைத்த இடத்தின், கண்ட நிறத்தின் நினைவுகள், பொருளின் வேலையைச் சொல்பவை அல்ல. ‘எச்சக்காரம்’ என்று குவானைனை அழைத்து என்ன பயன்? பொருளின் பெயரை ஒலிபெயர்ப்போம், செயலின் பெயரைத் தமிழாக்குவோம்.

நியூக்ளியோடைடு, நியூக்ளியோசைடு இரண்டுக்கும் நடுவில் ஒரே எழுத்துதான் வேறுபாடு, கண் வழுக்குகிறது என்று எழுதியவர் சொல்வது முழுக்கச் சரி. நானே அச்சுப்படி திருத்தும்போது பலமுறை தவறவிட்டிருக்கிறேன். பெயரை மாற்றாமல், முதல் முறை வரும் இடத்தில் ‘பாஸ்பேட்டோடு உள்ள’, ‘பாஸ்பேட் நீங்கிய’ என்று அடைமொழி சேர்த்துவிடலாம்.

கடைசியாக ஒரு சோதனை வாக்கியம், இதை நீங்களும் உங்கள் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: “மலேரியா ஒட்டுண்ணியால் பியூரினை முதலாக்கம் செய்ய இயலாது, தான் குடியிருக்கும் விருந்தோம்பி செல்லிலிருந்து எடுக்கும் காரங்களை மீட்டாக்கியே வாழ்கிறது, பிரிமிடினை மட்டும் தானே முதலாக்கம் செய்துகொள்கிறது.” இதில் ‘மீட்டு’ கொஞ்சம் இடிக்கிறது, ஏனென்றால் அந்தக் காரங்கள் ஒட்டுண்ணியுடையவையே அல்ல, அது மீட்கவில்லை, பறிக்கிறது. இந்த இடத்துக்கு மட்டும் வேறு சொல் வேண்டுமா, அல்லது நொதியின் வேலை ஒன்றே என்பதால் மீட்டாக்கமே இருக்கட்டுமா? இருக்கட்டும் என்ற பக்கம் சாய்கிறேன், ஆனால் நுண்ணுயிரியல் பாடம் எழுதுபவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளத் தயார்.