அனலொக் சிந்தசைசரில் சில சுரங்கள் மட்டும் பிசகுகின்றன, சனிக்கிழமை நிகழ்ச்சி, உதவி தேவை

புதுவிரல் (வெள்ளவத்தை), புதன் இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு அனலொக் சிந்தசைசர் (மின்சுற்றுகளால் சத்தத்தை உருவாக்கும் கீபோர்ட்) பழையதாக வாங்கினேன். கடையில் வாசித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சில சுரங்கள் பிசகுகின்றன. அதே கட்டையைத் திரும்ப அமத்தினால் சரியாக வருகிறது, அப்புறம் மறுபடி பிசகுகிறது. இன்னொன்று, குமிழைத் திருப்பினாலும் சில நேரம் சத்தம் மாறுவதே இல்லை. இரண்டும் ஒரே பழுதா? சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்க வேண்டும். கெதியாகச் சொல்லுங்கள்.

இருநூற்றுமுப்பது, 9.20

என்ன மொடல்? அடெப்டர் கூடவே வந்ததா, வேறு எங்காவது வாங்கினதா? கிட்டார் பெடலுக்கு வரும் 9 வோல்ட் அடெப்டரில் அநேகமாக நடு முள் மைனஸ். கீபோர்ட்களில் பலவற்றுக்கு நடு பிளஸ். அதோடு எங்கள் மாடியில் மாலையானால் மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும். கரண்ட் ஒழுங்காக வராத இடத்தில் சுருதி நிற்காது. முதலில் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

கடற்காற்று, 9.31

வெள்ளவத்தையில் எந்தப் பக்கம்? மரைன் டிரைவ் ஓரமா, காலி வீதிக்கு உள்ளேயா? யன்னலைத் திறந்து வைத்திருப்பீர்களா? நான் தெகிவளையில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறேன். என்னுடைய அம்பிளிஃபயரின் சொக்கெட் எல்லாம் பச்சை பிடித்துவிட்டது. குமிழ் வேலை செய்யவில்லை என்றால் உப்புதான். கொன்டக்ட் கிளீனர் அடித்தால் இரண்டும் போய்விடும்.

அலைவடிவம், 9.44

"சில சுரங்கள்", "சில நேரம்", மொடல் இல்லை. இதை வைத்து என்ன சொல்வது? இந்தக் குழுவில் மாதம் ஒருவர் இப்படித்தான் வருகிறார். அனலொக் வாங்குவதற்கு முன் அது என்ன என்று படித்திருக்க வேண்டும். சுருதியை உருவாக்கும் பாகம், அதாவது ஒசிலேட்டர், வோல்டேஜால் ஓடுவதா, டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் டிசிஓவா? 1984 இல் வந்த ஜூனோ 106 இல் இருப்பது டிசிஓ. டிஜிட்டல் கடிகாரம் ஒன்று சுருதியைப் பிடித்து வைத்திருப்பதால் அது விலகாது. 1970 இல் வந்த மினிமூக்கில் அப்படி இல்லை, வாசிக்கிறவர் காது வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தார். உங்களுடையது எது என்று தெரியாமல் ஸ்டெபிலைசர், கிளீனர் என்று சொல்வது நேர விரயம்.

ஐந்தரைக்கட்டை, 9.58

தம்பி, யாருக்காக வாசிக்கிறீர்கள்? பாடகர் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறார்? சுருதிப்பெட்டி கூட ஓடுகிறதா? பெட்டியைக் கீபோர்ட்களின் வழக்கமான 440 ஹேட்ஸ் அளவுக்கு வைக்காமல் பாடகரின் வசதிக்குக் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்திருந்தால் உங்கள் கீபோர்ட் முழுவதும் பிசகியது போலத்தான் கேட்கும்.

புதுவிரல், 10.15

மொடல் பெயரைப் போடவில்லை, விற்றவர் இந்தக் குழுவில் இருக்கிறார் என்று நினைக்கிறேன், வீண் மனக்கசப்பு வேண்டாம். 4 குரல், அதாவது ஒரே நேரத்தில் நான்கு சுரம் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒசிலேட்டர், வோல்டேஜால் ஓடுவதுதான். 37 சின்னக் கட்டைகள், புரோகிராம் சேமிக்கலாம். அடெப்டர் பெட்டியோடு வந்ததுதான். வீடு காலி வீதிக்கு உள்ளே. பாடுவது ஒரு அக்கா, ஐந்தரை. சுருதிப்பெட்டி இல்லாமலே பிசகுகிறது.

மிருதங்கம், 10.22

பிட்ச் வளைக்கும் நெம்பு நடுவுக்குத் திரும்பி வருகிறதா? என் நண்பனுக்கு அதுதான். எல்எஃப்ஓ (சத்தத்தை மெதுவாக அசைக்கும் ஒசிலேட்டர்) பிட்சுக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

அலைவடிவம், 10.30

நெம்பு விலகினால் எல்லாச் சுரமும் ஒன்றாக விலகும். அவர் சொல்வது அதுவல்ல. சத்தத்தை வடிகட்டும் ஃபில்டரில் ரெசொனன்ஸை முழுதாக ஏற்றி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஃபில்டர் தானாகவே விசில் அடிக்க ஆரம்பிக்கும். அந்த விசிலின் சுருதி கட் ஓஃப், அதாவது ஃபில்டர் வெட்டும் இடம், எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்தது. கட் ஓஃப் கட்டையோடு சேர்ந்து நகரும் கீ டிராக்கிங் இல்லாவிட்டால் கட்டை மாறினாலும் அது மாறாது. புதியவர்கள் எல்லோரும் விழும் குழி இது.

ஈயப்புகை (கொட்டாஞ்சேனை), 10.52

தம்பி, கேட்ட விபரத்தைச் சொன்னது நல்லது. 4 குரல் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஆனால் அதற்கு முன் சத்தத்தை வெறுமையாக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தால் பழுதும் பிடிபடும், சத்தம் செய்யவும் வரும்.

புதிய புரோகிராம் ஒன்றை எடுங்கள். இரண்டாவது ஒசிலேட்டரின் அளவைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள், நொய்ஸும் பூச்சியம். முதலாவதில் சோ டூத் அலை. ஃபில்டர் கட் ஓஃப் முழுதாகத் திறந்து, ரெசொனன்ஸ் பூச்சியம். ஃபில்டருக்குப் போகும் என்வலப்பும் (கட்டையை அமத்தியதும் அளவு ஏறி இறங்கும் விதம்) பூச்சியம். அம்பிளிஃபயர் என்வலப்பில் அட்டாக் பூச்சியம், சஸ்டெய்ன் முழுது, ரிலீஸ் பூச்சியம். எல்எஃப்ஓ பூச்சியம், டிலேயும் ஓஃப். குரல் முறை பொலியில் (பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் முறை) இருக்க வேண்டும். யுனிசனில் வைத்தால் எல்லாக் குரலும் ஒரே சுரத்துக்கு ஓடும், பல கருவிகளில் அவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கியும் வைத்திருப்பார்கள். இப்போது இரைச்சலான, அலங்காரமில்லாத ஒரு சத்தம் வரும்.

குமிழ் விசயம் பழுதில்லை. புரோகிராம் சேமிக்கும் கருவியில் குமிழ் நிற்கும் இடம் ஒன்று, உள்ளே எழுதி வைத்த அளவு வேறொன்று. குமிழ் அந்த அளவைக் கடக்கும் வரை பேசாமல் இருக்கும்படி ஓர் அமைப்பு பலவற்றில் உண்டு, சத்தம் திடீரென்று எகிறாமல் இருப்பதற்காக. குமிழைக் கடைசிவரை ஒரு பக்கம் கொண்டுபோய் மற்றப் பக்கம் திருப்புங்கள், நடுவில் எங்கோ பிடித்துக்கொள்ளும். மெனுவில் இந்த அமைப்பை மாற்றவும் முடியும்.

இப்போது சோதனை. ஒரே கட்டையை மெதுவாக, விட்டு விட்டு, எட்டுத் தடவை அமத்துங்கள். எத்தனையாவதில் பிசகுகிறது என்று எழுதுங்கள்.

கடற்காற்று, 11.03

கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் கொன்டக்ட் அழுக்காக இருந்தாலும் இப்படி வரலாமே?

ஈயப்புகை, 11.10

கொன்டக்ட் கெட்டால் சத்தம் வராது, அல்லது மெதுவாக அமத்தினாலும் பெரிதாக அலறும். சுருதி பிசகாது. எந்தக் கட்டை அமர்ந்தது என்ற செய்தி மட்டும்தான் அங்கிருந்து போகிறது, சுருதியை உருவாக்குவது உள்ளே.

இருநூற்றுமுப்பது, வியாழன் காலை 7.40

அடெப்டரை யாரும் கவனிக்கவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் மலிவாகவே கிடைக்கும்.

ஈயப்புகை, 7.55

அளந்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சுவரில் 230 வோல்ட் ஏறி இறங்குவதை அடெப்டரும் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரும் சமப்படுத்திவிடும். அதையும் தாண்டிக் குறைந்தால் கருவி அணைந்து எழும்பும், இல்லையென்றால் எல்லாக் குரலும் சேர்ந்து தடுமாறும். ஒரு சுரம் சரி, அடுத்தது பிழை என்று வராது.

ஐந்தரைக்கட்டை, 8.30

எல்லாம் சரி, ஒன்று சொல்கிறேன். சோதனை சரியாக வந்தாலும் அந்த அக்காவுக்குக் காந்தாரம் உரசத்தான் செய்யும். தம்பூராவோடு பாடிப் பழகியவருக்கு அந்தர காந்தாரம் 5க்கு 4 என்ற விகிதத்தில் நிற்கும், அது 386 சென்ட் (ஒரு அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கீபோர்டில் 400. 14 சென்ட் வித்தியாசம் நல்ல காதுக்கு நன்றாகவே விளங்கும். பஞ்சமத்தில் 702க்கு 700, அது பெரிய விசயமில்லை. என் மாணவிகளிடம் நான் கீபோர்ட் வைத்து சுரம் பழக வேண்டாம் என்றே சொல்வேன்.

அலைவடிவம், 8.47

கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டுத்தான் வாசிக்கப்போகிறார்கள். அங்கே கிட்டாரும் பேஸும் இதே சம இடைவெளியில்தான் இருக்கின்றன. தம்பூராக் கணக்கை இங்கே கொண்டுவருவது பொருந்தாது.

மிருதங்கம், 9.05

ஐந்தரைக்கட்டை அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தக் காரணமும் சேர்ந்துதான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தடைசெய்து வைத்திருந்தது. கமகம் வராது, சுருதியும் நம்முடையது அல்ல என்று.

அலைவடிவம், 9.16

தடையைப் பிறகு தளர்த்தினார்களே. ஆர்மோனியம் இல்லாமல் இன்று எத்தனை பஜனை நடக்கிறது? கமகம் வேண்டுமென்றால் அதற்கு அனலொக்கை விட வசதியான கருவி இல்லை. ஒரு நேரத்தில் ஒரே சுரம் வரும் மோனோவில் வைத்து, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் போர்ட்டமென்டோவைக் கொஞ்சம் ஏற்றி, பிட்ச் வளைவை இரண்டு சுரத்துக்குப் பதில் ஐந்து சுரத்துக்கு வைத்துப் பாருங்கள். இடது கைக்குப் பயிற்சி வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தரைக்கட்டை, 9.28

இடது கைப் பயிற்சியால் வருவது சறுக்கல். கமகம் சுரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. பாடிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மிருதங்கம், 9.34

நாதஸ்வரம் மாதிரி ஒரு சத்தம் செய்ய முடியுமா? யாராவது செய்து பார்த்தீர்களா?

ஈயப்புகை, 9.50

ஒடுக்கமான பல்ஸ் அலை, ஃபில்டர் பாதி திறந்து, ரெசொனன்ஸ் கொஞ்சம், ஃபில்டர் என்வலப் கெதியாக ஏறி இறங்கும்படி. குழலின் சாயல் வரும், ஊதும் சீவாளியின் உயிர் வராது. இதற்குத் தனியாக ஒரு பதிவு போடுங்கள் தம்பி, விரிவாக எழுதுகிறேன். இங்கே ஒருவர் சனிக்கிழமைக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். புதுவிரல், எட்டுத் தடவை அமத்தினீர்களா?

புதுவிரல், வியாழன் இரவு 8.05

4 ஆவதும் 8 ஆவதும் பிழை. மற்றதெல்லாம் சரி. வேறு கட்டைகளிலும் அப்படியே. பிழையான சுரம் கொஞ்சம் சுருதி இறங்கி இருக்கிறது. மேல் ஒக்டேவில் இன்னும் மோசம்.

ஈயப்புகை, 8.24

நான் சந்தேகித்தது அதுதான். உங்கள் கருவிக்குள் நான்கு தனித்தனி சிந்தசைசர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அமத்தும்போதும் அடுத்த குரலுக்கு வேலை போகிறது. நான்காவது குரல் விலகி நிற்கிறது, அதனால் எந்தக் கட்டையாக இருந்தாலும் நான்காவது முறை பிழைக்கிறது. (சில கருவிகள் அதே கட்டைக்கு அதே குரலையே கொடுக்கும். அவற்றில் மூன்று கட்டைகளை விடாமல் வைத்துக்கொண்டு நான்காவதை அமத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.)

மேலே போகப்போக மோசம் என்பதும் பொருந்துகிறது. பொதுவான கணக்கில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஒக்டேவ். அப்படியென்றால் ஒரு அரைச் சுரத்துக்கு 83 மில்லிவோல்ட்தான். 5 மில்லிவோல்ட் தவறினாலே 6 சென்ட் போய்விடும். வோல்டேஜைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர் சூட்டுக்கு மிகவும் அசையும், ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம். ஈடுகட்டும் பாகங்கள் உள்ளே போட்டிருப்பார்கள், ஆனாலும் மிச்சம் இருக்கும். கடையில் ஏசி, உங்கள் வீட்டில் விசிறி. அங்கே சரியாக இருந்தது இங்கே விலகினால் ஆச்சரியமில்லை.

கருவியைப் போட்டு 20 நிமிடம் விடுங்கள். பிறகு டியூனிங்கை ஓடவிடுங்கள். கையேட்டில் அந்தப் பெயரிலேயே இருக்கும். கருவி ஒவ்வொரு ஒசிலேட்டரையும் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 1978 இல் வந்த புரொபெட் 5 இலேயே இதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. அது ஓடி முடியும் வரை எதையும் தொடாதீர்கள்.

அலைவடிவம், 8.33

முதல் பதிவிலேயே 4 குரல் என்று எழுதியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன்.

ஐந்தரைக்கட்டை, 8.40

கேட்கத் தெரியாதவர்தானே கேட்க வருகிறார். விடுங்கள்.

ஈயப்புகை, 8.51

இன்னொன்று. மண்டபத்தில் வாசிக்கும்போது ஏசியைப் போட்டு அறை குளிர்ந்து நின்ற பிறகு மறுபடி ஒருதரம் டியூனிங் செய்யுங்கள். வாகனத்தில் வந்த சூட்டோடு செய்தால் முதல் பாட்டு முடிவதற்குள் விலகிவிடும். நான்காவது குரல் அதற்கும் அடங்காவிட்டால் பொலியை விட்டு மோனோவுக்கு மாறுங்கள். பெரும்பாலான கருவிகளில் அப்போது ஒரே குரல்தான் வேலை செய்யும். பேஸும் தனி வாசிப்பும் அதில் வாசிக்கலாம், கோர்ட்டை வேறு கீபோர்டுக்குக் கொடுங்கள்.

புதுவிரல், ஞாயிறு மதியம் 1.30

டியூனிங் ஓடவிட்டதும் சேர்ந்துவிட்டது. மண்டபத்திலும் ஒருமுறை செய்தேன். நிகழ்ச்சி நல்லபடி போனது. குமிழும் நீங்கள் சொன்னதுதான். எல்லோருக்கும் நன்றி.

இருநூற்றுமுப்பது, 2.10

மகிழ்ச்சி. அடெப்டரை எதற்கும் ஒருமுறை அளந்து வையுங்கள்.

ஈயப்புகை, 2.45

நல்லது தம்பி. டியூனிங் செய்த அன்றைக்கே அந்தக் குரல் மட்டும் திரும்பத் திரும்ப விலகினால் அது சூடு இல்லை, உள்ளே ஏதோ பாகம் தளர்கிறது. அப்போது பெட்டியைத் திறக்க வேண்டி வரும். யாரிடம் கொடுத்தாலும் அதற்கு முன் உங்கள் புரோகிராம்களை யூஎஸ்பி வழியாகக் கணினியில் எடுத்து வைத்துவிடுங்கள்.