உயிர்ப்பொறியியல் பிஎச்டி செய்ய மலையகத்திலிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு

ஹட்டன், பதுளை, நுவரெலியாப் பக்கமிருந்து இந்த வருடம் வந்திறங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமார் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான், என்னென்ன முடித்தால் பட்டம் கிடைக்கும், எத்தனை வருடம் ஆகும். வீட்டிலும் ஒவ்வொரு அழைப்பிலும் "எப்பப்பா முடியும்?" என்று கேட்பார்கள். ஐந்து ஆறு வருடம் என்று சொல்லி வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செமஸ்டர்கள் முடிந்தால் பட்டம், இங்கே உங்கள் ஆய்வை மதிப்பிடும் பேராசிரியர்களின் ஆய்வேட்டுக் குழு போதும் என்று கையெழுத்துப் போட வேண்டும். துறையின் மாணவர் கையேட்டை முதல் வாரத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் இடைவழியில் மாறினால் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த வருடத்துக் கையேடுதான் உங்களுக்குப் பொருந்தும்.

முதலில் பாடங்கள். இதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்துப் பொறியியல் பீடம் போனவர் சாதாரண தரத்துக்குப் பிறகு உயிரியல் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டார், உயிரியல் பிரிவில் வந்தவருக்கோ இணைந்த கணிதம் கிடையாது. இங்கே கல உயிரியலும் வேண்டும், வகையீட்டுச் சமன்பாடுகளும் புள்ளிவிபரவியலும் வேண்டும். எது குறைவோ அதை முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள், இளநிலை மாணவர்களோடு உட்கார வேண்டி வந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தே தீர வேண்டும் என்ற நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் நாலுக்குச் சராசரி 3.0 இருந்தால் போதும், அதற்கு மேல் செலவழிக்கும் இரவுகள் ஆய்வுக்கூடத்துக்கு உரியவை.

மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வதுதான் உண்மையான பரீட்சை. சில துறைகளில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்க்கவிடுவார்கள், அதற்கு ரொட்டேஷன் என்று பெயர். அங்கே பேராசிரியரிடம் கேட்பதை விட மூத்த மாணவர்களிடம் கேளுங்கள்: கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் எடுத்தது, யாராவது பாதியில் போனார்களா. பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அமைப்பு (என்எஸ்எஃப்) தரும் ஆய்வு உதவித்தொகை, தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஹெச்) தரும் டி32 பயிற்சி நிதி இரண்டும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. ஆகவே மேற்பார்வையாளரின் நிதி தீர்ந்தால் நீங்கள் பாடம் கற்பிக்கும் உதவியாளர் வேலையை நம்ப வேண்டியிருக்கும், அதற்குப் பல இடங்களில் ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையும் உண்டு.

அப்புறம் குவாலிஃபையிங் பரீட்சை, அதாவது பிஎச்டியைத் தொடர நீங்கள் தகுதியானவரா என்று பார்க்கும் பரீட்சை. வழக்கமாக இரண்டாம் வருடம் வரும். சில துறைகளில் பாடங்களிலிருந்து வாய்மொழிக் கேள்விகள், சில துறைகளில் ஓர் ஆய்வு முன்மொழிவை எழுதி நாலைந்து பேராசிரியர்கள் முன் நின்று காப்பாற்ற வேண்டும். நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அறிவு போதாமல் இல்லை, பெரியவர்களுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று வளர்ந்ததால். பேராசிரியர் "அது பிழை" என்றால் தலையாட்டிவிட்டு நிற்பார்கள், அவரோ இவன் ஏன் வாதாடவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள், மூத்த மாணவர்களை உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். பொதுவாக இரண்டாவது வாய்ப்பு தருவார்கள். அதுவும் தவறினால் முதுமாணிப் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வுக்கூட அனுமதிகளைக் கடைசி வரை தள்ளிப் போடாதீர்கள். எலியைத் தொட விலங்குப் பரிசோதனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், நோயாளிகளின் மாதிரியோ தரவோ என்றால் நெறிமுறைக் குழு, இவை மாதக்கணக்கில் இழுக்கலாம். மனித இரத்தத்தோடு வேலை என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அவர்களே இலவசமாகத் தருவார்கள். நமக்குப் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் காசநோய்த் தோல் பரிசோதனை தவறாக நோய்த்தொற்று என்று காட்டலாம், இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

பெயர் விஷயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்பது தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் உள்ள தலைவலி. கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பதியுங்கள், கட்டுரைகளில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்து போனவர்களின் ஆலோசனையைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே பெரும்பாலும் பாடங்கள் குறைவு, மூன்று நாலு வருடம், கடைசியில் மூடிய அறையில் வைவா என்ற வாய்மொழிப் பரீட்சை. இங்கே ஆய்வேட்டுக் குழு வருடா வருடம் கூடும், அதில் பெரும்பாலும் துறைக்கு வெளியே ஒருவர் இருப்பார், டிஃபென்ஸ் என்ற கடைசி ஆய்வேட்டுப் பரீட்சையில் முதல் பகுதியைப் பெரும்பாலும் யாரும் வந்து கேட்கலாம். கட்டுரை வெளியிட வேண்டும் என்று கையேட்டில் இல்லாவிட்டாலும் முதல் ஆசிரியராக ஒன்றாவது இல்லாமல் விடும் மேற்பார்வையாளர்கள் குறைவு.

முடிகிற வருடம் உங்கள் ஐ-20இல், அதாவது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த படிவத்தில், படிப்பு முடியும் தேதியைப் பாருங்கள். வேலை இழுத்தால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிக்க வேண்டும், பிறகு முடியாது. ஓபிடி, அதாவது படித்து முடித்தபின் இங்கே துறை சார்ந்த வேலை செய்யும் அனுமதிக்கான விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து அனுப்பலாம், முடிந்து 60 நாளுக்குள் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் 12 மாதம், நம் துறைக்கு மேலும் 24 மாதம் கேட்கலாம். டிஃபென்ஸ் நாள் குறித்த அன்றே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.