பொலெமாலஜி: போரியலா, போராய்வியலா?

நண்பர்களே, வணக்கம். போரை ஒரு சமூக நிகழ்வாக ஆராயும் துறை பொலெமாலஜி (polemology). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

‘போரியல்’ என்றே வைத்துவிடலாம், சின்னதாக, வாயில் எளிதாக நுழைகிறது என்று நம்மில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. போரியல் என்றதும் வியூகம், முற்றுகை, படை நடத்தும் வித்தை என்றுதான் எண்ணம் ஓடுகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் காஸ்தோன் பூத்தூல் கிரேக்கச் சொல்லை எடுத்து இப்படி ஒரு பெயரைப் புனைந்ததே, படையியலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான். 1945இல் பாரிசில் இதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். அமைதி வேண்டுமானால் போருக்கு ஆயத்தமாகு என்ற பழைய லத்தீன் வாசகத்தை, போரை அறிந்துகொள் என்று மாற்றிச் சொன்னவர் அவர். மருத்துவர் நோயைப் படிப்பதுபோலப் போரைப் படிக்கிற துறை. பெயரிலேயே அது தெரிய வேண்டும்.

ஆகவே ‘போராய்வியல்’. ஆய்வும் இயலும் சேர்ந்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ‘போராய்வு’ என்று நிறுத்தினால் ஏதோ ஒரு போரைப் பற்றிய ஓர் ஆய்வு என்றும் ஆகிவிடும். துறைப் பெயர் என்பதால் இயல் இருக்கட்டும். ஆளைச் சொல்ல ‘போராய்வாளர்’ போதும்.

தொல்காப்பியத்தில் போர்த் திணைகளைச் சொல்லும் இயலின் பெயரான ‘புறத்திணையியல்’ இந்தத் துறைக்கு வேண்டாம் என்பேன். ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணாசையில் படையெடுப்பு வஞ்சி, மதில் வளைப்பு உழிஞை, நேருக்கு நேர் பொருவது தும்பை என்று என்ன நடக்கிறது என்பதை வைத்தே தொல்காப்பியர் வகுத்திருப்பது எனக்கும் பெரிய வியப்புதான். ஆனால் அங்கே நிலையாமை பாடும் காஞ்சியும், புகழ் பாடும் பாடாணும் உண்டு. அது கவிதைக்கான இலக்கணம். அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும்.

என்னை உண்மையில் தொல்லைப்படுத்துவது வேறு. எது போர்? சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டத்தில், ஓர் அரசாவது ஒரு தரப்பாக நிற்கும் சண்டையில் ஆண்டுக்கு 25 பேர் இறந்தால் அது ஆயுத மோதல். 1,000 பேர் இறந்தால்தான் போர். 1949 ஜெனீவா உடன்படிக்கைகளும் போரோடு நிற்காமல் ஆயுத மோதலையும் சேர்த்துக்கொண்டன. நாங்கள் போர் அறிவிக்கவே இல்லையே என்று எந்த அரசும் நழுவிவிடக் கூடாது என்பது காரணம். ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல்லை நாம் போட்டால் பெரிய பிழை. ‘ஆயுத மோதல்’ ஏற்கெனவே செய்தித்தாள்களில் புழங்குகிறது, அதையே வைக்கலாம்.

சரி, மோதலுக்கு இன்னொரு சொல்லான ‘பூசல்’ என்ன ஆவது? சங்கச் சொல், அழகான சொல். ஆனால் இன்று உட்கட்சிப் பூசல் என்றுதான் காதில் விழுகிறது. ஊரையே இழந்து வந்தவரிடம் போய் உங்கள் ஊரில் நடந்தது பூசல் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற வானிலையாளர், முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய குவேக்கர் (போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவினர்), தனிக் கொலை முதல் உலகப் போர் வரை எல்லாவற்றையும் மடக்கைக் (logarithm) கணக்கில், சாவு பத்து மடங்கானால் ஒரு படி என்று, ஒரே அளவுகோலில் வைத்தார். ஒரு சாவு 0, ஆயிரம் 3, பத்து லட்சம் 6. அந்த முழு வரிசைக்கும் அவர் வைத்த பொதுப்பெயரை (deadly quarrel) ‘கொலைப் பூசல்’ என்று தமிழில் சொல்லலாம். அடைமொழி சேர்ந்தால் பூசலுக்கு அதன் பழைய கனம் திரும்புகிறது.

அப்புறம், போரின் ‘பரிணாமம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பரிணாமம் என்றால் வளர்ச்சி என்ற தொனி வந்துவிடுகிறது. போரைப் பச்சோந்தியோடு ஒப்பிட்டார் பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸவிட்ஸ். ‘உருமாற்றம்’ என்று போடலாமா?