நீலகிரிப் புல்வெளிப் பாறையில் பாசி கறுத்திருப்பது ஏன்?

குந்தாக்காரர்:
வணக்கம். அவலாஞ்சிக்கு மேலுள்ள புல்வெளியில் ஒரே பாறையைப் பதினோரு ஆண்டுகளாக ஜனவரி மாதத்தில் பார்த்து வருகிறேன். அதன் வடக்கு முகத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு போன்ற பாசி இருந்தது; விரலால் அழுத்தினால் நீர் கசியும். இவ்வாண்டு அது கறுத்து, சருகாய் நொறுங்குகிறது. பக்கத்தில் உள்ள சாம்பல் நிற லைக்கன் (பூஞ்சையும் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரும் கூடி வாழும் உயிர்) மட்டும் ஓரம் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை குறைந்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லையே, பிறகு ஏன் இப்படி?

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, அது செத்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலும் ஒரே செல் அடுக்காலான இலைகளின் வழியே உடம்பு முழுவதாலும் நீரை உறிஞ்சும். காற்று உலர்ந்தால் தானும் உலர்ந்து உறங்கும், நனைந்தால் சில நிமிடங்களில் விரியும்.

மழை அளவைவிட, ஈரம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதே இவற்றுக்கு முக்கியம். ஒரே நாளில் கொட்டும் மழை பாறையில் வழிந்தோடிவிடும். உலர்ந்த பாசி நனைந்ததும் முதலில் தன் செல்களைச் சீர்செய்யச் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஒளிச்சேர்க்கையால் அதை ஈடுகட்டுமுன் மீண்டும் உலர்ந்தால் ஒவ்வொரு நனைதலும் அதற்கு நட்டம்தான். இரவு வெப்பம் கூடினால், ஈரமாக இருக்கும் பாசியின் சுவாசச் செலவும் கூடும். லைக்கன்களிலும் வேறுபாடு உண்டு: பச்சைப்பாசியை (உங்கள் பாறைப் பாசி அல்ல, ஆல்கா) கூட்டாளியாகக் கொண்ட பல லைக்கன்களுக்குக் காற்றின் ஈரப்பதமே போதும், நீலப்பசும்பாசியோடு (சயனோபாக்டீரியா) வாழ்பவற்றுக்கு நீர் நீராகவே கிடைக்க வேண்டும். ஆகவே மூடுபனி குறைந்தால் எல்லாம் ஒரே விதமாகப் பாதிக்கப்படுவதில்லை.

மலைநடையர்:
பருவநிலையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. பாறையைச் சுற்றி, அந்நிய மரமான சீகை (வாட்டில்) முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழனி மலையில் 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அந்நிய மரத்தோட்டங்களும் விவசாயமுமே பெருங்காரணங்கள். மரநிழலும் உதிரும் சருகும் மூடிவிட்டால், வெயிலில் வளரும் பாறை லைக்கன்களுக்கு இடமே இருக்காது. பல லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஓர் உள்ளங்கை அகலம் அழிந்தால் அது திரும்பி வருவதைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து அந்தப் பாறையைப் படம் எடுத்து வையுங்கள்.

குந்தாக்காரர்:
அம்மா, நேற்றுக் காலை தண்ணீர் தெளித்தேன். ஓரங்கள் ஐந்து நிமிடத்துக்குள் பச்சை கட்டின. நடுப்பகுதி கறுப்பாகவே கிடந்தது. இருபதடி தள்ளி மூன்று சீகைக் கன்றுகள் இடுப்புயரம் நிற்கின்றன, அவற்றை நான் இதுவரை கவனிக்கவே இல்லை. நாணயம் வைத்து முதல் படத்தை எடுத்துவிட்டேன்.