மறு: கம்பிரஸர் சர்ஜுக்குத் தமிழில் என்ன போடுவது?

வணக்கம். மையவிலக்கு கம்பிரஸர் இயக்குவோர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சர்ஜ் வருமிடமெல்லாம் 'எழுச்சி' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

----
> 'எழுச்சி' என்று வைத்திருக்கிறேன்

வேண்டாம். மின்னழுத்தம் திடீரென எகிறினால் எழுச்சி. இங்கே நடப்பது வேறு. வரத்து குறையக் குறைய, கம்பிரஸரால் வெளிக்குழாயின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் போய், சில பத்து மில்லிநொடிகளில் வாயு திரும்பிப் பாய்கிறது. குழாயில் அழுத்தம் இறங்கியதும் மறுபடி முன்னே. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 முதல் 3 நொடி. அடி விழுவது திரஸ்ட் பேரிங்குக்கும் (தண்டின் அச்சுவழித் தள்ளலைத் தாங்குவது) லேபிரிந்த் சீலுக்கும் (தண்டைச் சுற்றி வாயுக் கசிவைக் குறைப்பது). 'பின்பாய்வு' போடுங்கள்.

----
ஒரு திசையில் மட்டும் ஓட்டம் விடும் செக் வால்வு ஒழுகினாலும் பின்பாய்வுதானே? போய்த் திரும்பி மீண்டும் போவதல்லவா இதன் அடையாளம்! அதற்கு 'ஓதம்' இருக்கிறது. ஓங்கு, ஓச்சு, ஓதம் எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. விரிவாகத் தனி மடலில்.

----
ஐயா, கடல் ஓதம் ஏறி இறங்க மணிக்கணக்காகும். தவிர, ஓதம் என்றால் விரைவீக்கமும்தான். ஷிப்டே சிரிக்கும். குழந்தை குடித்த பாலை 'எதுக்களிக்கிறது' என்கிறோமே, எதிர்க்களித்தல், அது போதாதா? 'எதுக்களிப்பு'.

----
அலாரம் அடிக்கும்போது யார் அகராதி புரட்டுவது? ஆலையில் எல்லாரும் "சர்ஜ் ஆகுது" என்றுதான் சொல்கிறார்கள்.

சொல் கிடக்கட்டும். வரைவில் 'ஆன்டி-சர்ஜ் வால்வை மெதுவாகத் திறந்து விரைவாக மூடவும்' என்றிருக்கிறது. தலைகீழ்! வெளிவரும் வாயுவில் ஒரு பகுதியை உள்வாய்க்கே திருப்பிவிட்டுச் சர்ஜைத் தடுக்கும் வால்வு அது. திறப்பது ஓரிரு நொடிக்குள், மூடுவதுதான் மெதுவாக. ஓட்டம்-அழுத்த வரைபடத்தில் வால்வு திறக்கத் தொடங்கும் கட்டுப்பாட்டுக் கோடு, சர்ஜ் தொடங்கும் எல்லையான சர்ஜ் கோட்டுக்கு வலப்புறம் வழக்கமாக 10% தள்ளி இருக்க வேண்டும். திருப்பிவிடும் வாயுவைக் கூலருக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். சூடான வாயுவையே சுற்றவிட்டால் உள்வாயில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

ஸ்டாலையும் இதோடு சேர்க்காதீர்கள். அதில் இறக்கைகளிடையே ஓட்டம் பிரிந்த திட்டு, சுழலியைவிடக் குறைந்த வேகத்தில் சுற்றிவரும். மொத்த ஓட்டம் திரும்பாது.

----
> ஸ்டாலையும்

அதற்குத் 'திணறல்'?

----
திணறல் சோக்குக்கு வேண்டும், ஓட்டம் உச்சத்தை எட்டி அதற்குமேல் கூடாமல் நிற்கும் நிலைக்கு.

----
நன்றி. நேரமில்லை. விளக்கப் பகுதியில் எதுக்களிப்பு, அலாரப் பட்டியலில் சர்ஜ். ஸ்டால் ஸ்டாலாகவே இருக்கும்.

----
என் மறுப்பைப் பதிகிறேன். எதுக்களிப்பது தன்வினை. தொடக்கச் சோதனையில் வேண்டுமென்றே சர்ஜ் வரவழைத்துத்தானே கோடு வரைகிறோம்? 'கம்பிரஸரை எதுக்களிப்பிக்கவும்' என்றா எழுதப்போகிறீர்கள்?